மொத நம்பர்காரனும் அப்பாவின் துண்டும்

நம்ம செட்டு ஆட்களே, புதுப் பாகம் வந்துவிட்டது. வாங்கிவிட்டேன், ஆடிப் பார்த்துவிட்டேன், வயிறு எரிகிறது. நீங்களும் இதே எரிச்சலில்தான் இருப்பீர்கள் என்று தெரிந்துதான் உங்களுக்கு எழுதுகிறேன். வேறு யாரிடம் போய்ச் சொல்வது? என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "நாப்பது வயசு ஆவப்போவுது, கார் கேமுக்கு ஒப்பாரியா?" என்கிறார்.

ஊருக்குள்ளே, தெருவுக்குள்ளே, போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு கார் ரேஸ் ஓட்டுகிற அந்த கேம் வரிசையைத்தான் சொல்கிறேன். பேர் சொல்லவே வேண்டாம். நம்மில் பாதிப் பேருக்கு முன்மண்டை காலி, மீதிப் பேருக்கு மூக்குக் கண்ணாடி. ஆனாலும் அந்தப் பழைய பாகத்தின் எஞ்சின் உறுமலை யாராவது போனில் போட்டால் விரல் தானாகத் துடிக்கிறது. அப்பேர்ப்பட்ட கேமை இப்போது என்ன செய்து வைத்திருக்கிறார்கள்? முதல் நாளே பறக்கிற வண்டியைத் தூக்கிக் கையில் கொடுக்கிறார்கள். டயரிலிருந்து கார்ட்டூன் புகை வருகிறது. எங்கே திரும்ப வேண்டும் என்று ரோட்டிலேயே கோடு போட்டுக் காட்டுகிறார்கள். மோதிவிட்டால் ஒரு பட்டன், வண்டி பின்னால் போய் மோதாத இடத்திலிருந்து மறுபடி கிளம்புகிறது. கதாநாயகன் ஓயாமல் பேசுகிறான். வாயை மூடிக்கொண்டு ஓட்டுடா என்று நான் டிவியைப் பார்த்துக் கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

இதையெல்லாம் நீங்களும் திட்டியிருப்பீர்கள். ஆனால் என் தலையாய ஆத்திரம் வேறு. அதைச் சொல்ல வேண்டுமானால் ஒரு கோடை விடுமுறைக்குத் திரும்பப் போக வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் வண்டியைக் கிளப்பிவிடுகிறேன்.

எங்கள் ஊர் விருத்தாசலம். அப்பா பீங்கான் பொம்மை யூனிட்டில் சூளை பார்க்கிறவர். ராத்திரி முழுக்க எண்ணெய்ச் சூளைக்கு முன்னால் நின்றுவிட்டு, கண் சிவந்து, உடம்பெல்லாம் புகை வாசனையோடு காலையில் வீட்டுக்கு வருவார். தோளில் ஒரு காவித் துண்டு. அதன் ஓரத்தில் தீப்பொறி பட்ட சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அம்மா அதே யூனிட்டில் பொம்மைகளுக்குக் கண் வைக்கிற வேலை. நாய்க்கும் வாத்துக்கும் கிருஷ்ணனுக்கும் ஒரே பிரஷ்ஷால் கண் வைப்பாள். அதனால் கண் சம்பந்தப்பட்ட எல்லாமே தனக்குத் தெரியும் என்ற நினைப்பு அவளுக்கு. "பொம்மைக்கே கண்ணு வெக்கிறவ நானு. கம்ப்யூட்டரு பாத்தா கண்ணு எப்பிடிக் கெடும்னு எனக்குத் தெரியாதா?" என்று என் தலையில் விளக்கெண்ணெய் வைத்துத் தேய்ப்பாள்.

கம்ப்யூட்டர் இருந்தது ஜங்ஷன் ரோட்டில், ஒரு மாடியில். பிரவுசிங் சென்டர். ப்ளைவுட் தடுப்பு, பஞ்சு பிதுங்கிய சிவப்பு ரெக்சின் நாற்காலி, அடியில் உருண்டை வைத்த மவுஸ். அந்த உருண்டையைக் கழற்றி ஊதி மாட்டினால்தான் அம்புக்குறி நகரும். மானிட்டர் தலையில் ஒரு பீங்கான் நாய் உட்கார்ந்திருக்கும். ஒரு காதில் பளபளப்பு ஏறாமல் ஒதுக்கப்பட்ட அதை அப்பாவிடம் கேட்டு வாங்கிப்போய் நான்தான் அங்கே வைத்தேன். எங்கள் மெஷின் எது என்பதற்கு அதுதான் அடையாளம்.

எங்கள் என்றால் நானும் அண்ணனும். அண்ணன் என்றால் பெரியப்பா மகன், என்னைவிடக் கொஞ்சம் பெரியவன். அந்தக் கீபோர்டில் மேல் அம்புக்குறி தேய்ந்துபோய், ஒரு விரலை அதன் மேலேயே அழுத்தி வைத்திருந்தால்தான் வண்டி ஓடும். ஒரே ஆள் அதையும் அழுத்திக்கொண்டு திருப்பவும் செய்வது பெரும்பாடு. அதனால் நான் ஸ்டீயரிங், அவன் கேஸ், அதாவது ஆக்சிலேட்டர். அவன் கேஸை மட்டுமா பார்த்தான்? டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி, "லெஃப்ட்டுல ஏறு, ஓல்டேன், நிறுத்து, லாரி வருது, ரைட் ரைட்!" என்று காதுக்குள் கத்திக்கொண்டே இருப்பான். அப்படி ஒரு ஜோடி டிரைவர்கள் உலகத்தில் வேறு எங்கும் இருந்திருக்க மாட்டார்கள். கேமில் வந்த வெளிநாட்டு இடங்களுக்கெல்லாம் எங்கள் ஊர்ப் பேரையே வைத்தோம். தண்டவாளத்துக்கு அடியில் போகிற ரோடு பாலக்கரை. கப்பல் நிற்கிற துறைமுகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஸ்டாப். ஏன் என்று கேட்காதீர்கள், அங்கே எப்போதும் கூட்டமாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த சென்டரில் ஒரு கொடுமை இருந்தது. மெஷினை அணைத்துப் போட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். நாம் ஜெயித்தது, சேர்த்தது, வண்டிக்கு அடித்த பெயின்ட், ஒன்றும் மிஞ்சாது. எப்போது போனாலும் அதே நசுங்கிய நீல வண்டி, அதே முதல் ரேஸ். அந்த முதல் ரேஸ் ஓடுகிற தெருக்களில் எந்தக் குப்பைத்தொட்டி எந்த மூலையில் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கேமின் கடைசியில் ஒரு வெள்ளைக் கார் இருக்கிறது, அதை ஓட்டுகிறவன்தான் அந்த ஊருக்கே மொத நம்பர் என்று தெரியும். பாதி கேமைக்கூட நாங்கள் தாண்டியதில்லை.

"ஏண்ணா இப்பிடி வெச்சிருக்கீங்க?" என்று சென்டர்காரரிடம் கெஞ்சுவோம். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "வைரஸ் வந்துடும்னு பூட்டு போட்டு வெச்சிருக்கு. எல்லாம் சேஃப்டிக்குத்தான்," என்பார். கல்நெஞ்சக்காரர் என்று நினைத்தோம். போன வருஷம் பாலக்கரையில் அவருடைய செல்போன் கடைக்குப் போயிருந்தபோது இதைச் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு, "சேஃப்டியாவது ஒண்ணாவது! அந்தப் பூட்டோட பாஸ்வேர்டு எனக்கே தெரியாதும்மா. போட்டுக் குடுத்தவன் சொல்லாமயே துபாய் போயிட்டான்," என்றார். அத்தனை நாள் நாங்கள் பயந்த கறார் மனுஷன், தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டவர், அவ்வளவுதான்.

அந்தக் கோடையில்தான் அவர் சென்டரை மூடப்போவதாகச் சொன்னார். கருவேப்பிலங்குறிச்சியில் டைப்பிங் இன்ஸ்டிட்யூட் வைக்கப்போகிற ஒருவர் எல்லா மெஷினையும் வாங்கிக்கொண்டாராம். சனிக்கிழமை சாயங்காலம் வேன் வரும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெள்ளைக் காரை நேருக்கு நேர் பார்க்காமலே எல்லாம் முடிந்துவிடும். ஊரில் வேறு யாரிடமும் அந்த கேம் கிடையாது.

அண்ணன்தான் யோசனை சொன்னான். "அணைச்சாத்தானே போவும்? அணைக்கவே வேணாம்."

எவ்வளவு எளிதான விஷயம்! இத்தனை நாள் தோன்றாமல் போனதே என்று தலையில் அடித்துக்கொண்டோம். சென்டர்காரர் முதலில் முறைத்தார். பிறகு, எப்படியும் மூடப்போகிற கடைதானே என்று இளகிவிட்டார். "அந்த ஒரு மெஷின் மட்டும் இன்வெர்ட்டர்ல ஓடட்டும். ஆனா மத்தியானம் நான் வூட்டுக்கு சாப்பிடப் போவேன். அந்த நேரத்துல வேற யாராவது வந்து பட்டனை அமுக்கிட்டா நான் பொறுப்பில்ல," என்றார்.

கிளப்பினோம் வண்டியை! அந்த வாரம் மாதிரி ஒரு வாரம் என் வாழ்க்கையில் பிறகு வரவேயில்லை, கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முதல் முறையாக நேற்று விட்ட இடம் இன்றைக்கு அப்படியே காத்திருந்தது. நீல வண்டியின் நசுங்கல் போனது. பெயின்ட் மாறியது. எஞ்சின் சத்தம் மாறியது. இதுவரை கால் வைக்காத தெருக்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மழை பெய்து ஓய்ந்த ரோடு, அதில் மஞ்சள் விளக்கு, பின்னால் போலீஸ் சைரன், எதிரே டேங்கர் லாரி. அண்ணன் "ஓல்டேன்!" என்று அலறுவான், நான் திருப்புவேன், கண்ணாடி நூலிழையில் உரசிப் போகும். இரண்டு பேரும் நாற்காலியை விட்டு எழுந்து நின்று ஓட்டுவோம்.

மத்தியானம்தான் ஆபத்து. பசி தாங்காத அண்ணன் வீட்டுக்கு ஓடிவிட, நான் மட்டும் சாப்பிடப் போகாமல் அங்கேயே கிடந்தேன். அம்மா சும்மா இருப்பாளா? "வயசுக்கு வரப்போற பொண்ணு, மாடியில என்னா வேல? போயி இழுத்துக்கினு வாங்க," என்று தூங்கிக்கொண்டிருந்த அப்பாவை எழுப்பி அனுப்பிவிட்டாள். அப்பா மாடிப்படி ஏறி வந்து நின்றார். நான் மெஷினை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"வூட்டுக்கு வா பாப்பா."

"நான் போனா யாராவது அணைச்சிடுவாங்கப்பா. அணைச்சா எல்லாம் போயிடும்."

"எல்லாம்னா?"

"எல்லாமேதான். மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

அப்பா திரையைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். கார், ரேஸ் எதுவும் அவருக்குப் புரியவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. மூட்டிய சூளையை நடுவில் விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். நடுவில் அணைந்தால் உள்ளே இருக்கிற அத்தனை பொம்மையும் வீண்.

"அப்ப அணையக் கூடாது," என்றார். சிவப்பு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீ போயி சாப்ட்டு வா. நான் குந்தியிருக்கேன்."

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அவர் வந்துவிடுவார். ராத்திரி வேலை பார்த்துவிட்டுத் தூங்க வேண்டிய நேரம் அது. எனக்கு அப்போது அது உறைக்கவேயில்லை. அம்மாவோ, மனுஷன் டீக்கடையில் வெட்டிப்பேச்சு பேசப் போகிறார் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வரும்போது மெஷின் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார், சூளைச் சுவரில் வைத்துப் பார்க்கிற மாதிரியே. "சூடு ஒரே சீரா இருக்குது. நல்லா வேவுது," என்பார். அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான்.

சனிக்கிழமை வந்தது. காலையிலேயே மற்ற எல்லாரையும் ஜெயித்துவிட்டோம். மிச்சம் வெள்ளைக் கார் மட்டும்தான். உடனே ஓட்டியிருக்கலாம், ஆனால் அண்ணன், "சாப்ட்டுட்டு தெம்பா ஓட்டலாம்," என்றான். அப்பாவை உட்காரவைத்துவிட்டு ஓடினோம். என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகம் இல்லை. கை கழுவினேனா என்பதும் சந்தேகம்தான்.

திரும்பி வந்து உட்கார்ந்தோம். அப்பா பின்னால் நின்றார். ரேஸ் ஆரம்பித்தது. அடேயப்பா, என்ன ஓட்டு ஓட்டினான் அந்த வெள்ளைக் கார்க்காரன்! ஒரு வளைவிலும் வேகத்தைக் குறைக்கவில்லை. மேம்பாலத்தில் அவனை ஒட்டிப் போனோம். துறைமுகத்தில் முந்தினோம். சுரங்கத்தில் அவன் முந்தினான். கத்திக் கத்தி அண்ணனுக்குத் தொண்டை கட்டிப்போனது. அப்போதுதான் படம் விட்டு விட்டு ஓட ஆரம்பித்தது. வண்டி ஒரு இடத்தில் நிற்கும், அடுத்து வேறொரு இடத்தில் இருக்கும். தூசி தீய்கிற வாசனை வந்தது.

அண்ணன் மேஜைக்கு அடியில் குனிந்தான். "சித்தப்பா! யாரு இத மூடுனது?"

மெஷின் பெட்டியைச் சுற்றி அப்பாவின் காவித் துண்டு. காற்றுப் போகிற ஓட்டையெல்லாம் அடைத்து, குழந்தையைப் போர்த்துகிற பக்குவத்தோடு இழுத்துச் செருகியிருந்தார். பெட்டியைத் தொட்டால் இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது.

"டேபிள் ஃபேன் காத்து நேரா அடிச்சிதுடா," என்றார் அப்பா. "சூடா இருக்கறப்ப காத்து பட்டா விரிசல் வுட்டுடும்ல?"

வெந்துகொண்டிருக்கிற பீங்கானில் குளிர்காற்று பட்டால் பட்டென்று விரியும். அவருக்குத் தெரிந்த பாதுகாப்பு அதுதான். கம்ப்யூட்டருக்குக் காற்றுதான் உயிர் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? சூளைக்காரரைத் தவிர வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

பேச நேரமில்லை. அண்ணன் துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்ற மேஜைக்கு அடியிலேயே போய்விட்டான். அப்பா சுவரில் தொங்கிய காலண்டர் அட்டையைப் பிடுங்கி, மண்டியிட்டு விசிற ஆரம்பித்தார். சாப்பிட்டுவிட்டு வந்த சென்டர்காரர் வாசலில் நின்றபடி, "என்னா நடக்குது இங்க?" என்று கத்தினார். கேஸைப் பிடிக்க ஆள் இல்லை. வலது கை மேல் அம்புக்குறியில், இடது கையைக் குறுக்கே போட்டு ஸ்டீயரிங். முதல் முறையாக நான் தனியாக ஓட்டினேன்.

வெள்ளைக் கார் முன்னால் போய்விட்டது. முடிந்தது என்று நினைத்தேன். அப்போது கடைசித் திருப்பம் வந்தது. பார்த்தால், அது எங்கள் பழைய தெரு! நசுங்கிய நீல வண்டியை எத்தனையோ முறை ஓட்டிச் சலித்த முதல் ரேஸ் தெரு. அவன் பெரிய ரோட்டில் பாலக்கரையைச் சுற்றிக்கொண்டு போனான். எனக்குத் தெரியும், பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் உடைந்த சுவர் ஒன்று இருக்கிறது. படம் நின்று நின்று வந்தது. பரவாயில்லை, அந்தத் தெருவில் எனக்குப் படமே தேவையில்லை. குப்பைத்தொட்டி, திருப்பு. விளக்குக் கம்பம், திருப்பு. சுவருக்குள் புகுந்து வெளியே வந்தால் வெள்ளைக் கார் எனக்குப் பின்னால் இருந்தது! கோட்டைத் தாண்டினேன். திரையின் நடுவில் பெரிதாக ஒன்று என்ற எண் வந்தது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

உடனே திரை கறுத்துவிட்டது. பெட்டிக்குள் ஓடிய சத்தம் இறங்கி இறங்கி நின்றது.

"ஜெயிச்சிட்டேன்!" என்று கத்தினேன். மேஜைக்கு அடியிலிருந்து அண்ணன் தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்து என்னைத் தூக்கிச் சுற்றினான். சென்டர்காரர்கூடக் கை தட்டினார். ஆனால் அந்த எண்ணைப் பார்த்தது நான் ஒருத்திதான். அண்ணன் அடியில் இருந்தான், அப்பா விசிறிக்கொண்டிருந்தார். அப்பா கறுத்த திரையையே பார்த்தார். பிறகு கீழே கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"ஜெயிச்சிட்டேம்ப்பா!"

"சரி பாப்பா," என்றார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் அழைத்துப்போய் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். வழியெல்லாம் நான் வாய் ஓயாமல் ரேஸைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் கையில் சுருட்டிய துண்டையே பார்த்துக்கொண்டு நடந்தார். தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் வேன் வந்து மெஷின்களை ஏற்றிக்கொண்டு போனது. பீங்கான் நாய் அதோடு போனதா, எங்கே போனது என்று தெரியவில்லை. அந்தக் காவித் துண்டையும் அதன் பிறகு அவர் தோளில் பார்த்த ஞாபகம் இல்லை.

இப்போது என் ஆத்திரம் என்ன என்று சொல்கிறேன். இந்தப் புதுப் பாகத்தில் எதுவும் போகாது. நாம் சேமிக்கச் சொல்லாமலே அது தானாக எங்கோ எடுத்து வைத்துக்கொள்கிறது. அணைத்தாலும் போகாது, பெட்டியையே உடைத்தாலும் போகாது. போகாத ஒன்றுக்காக நெஞ்சு எப்படிப் படபடக்கும்? நீங்கள் கார்ட்டூன் புகையைத் திட்டுங்கள், நான் இதைத்தான் திட்டுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இப்படித் திட்டிக்கொண்டே ஆடிக்கொண்டிருந்தேன். இப்போதும் விருத்தாசலத்தில்தான் இருக்கிறேன், ஆலடி ரோட்டில் வீடு. அப்பாவும் அம்மாவும் எங்களோடுதான். அப்பா ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காது மந்தம், நடை தளர்ந்துவிட்டது. அம்மா உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். ரேஸ் பாதியில் இருந்தது. போ சனியனே என்று டிவிக்குக் கீழே இருந்த கேம் பெட்டியின் பட்டனை அமுக்கி அணைக்கக் கையை நீட்டினேன்.

"அணைக்காத பாப்பா!"

பேப்பர் கீழே விழ, அப்பா எழுந்து நின்றிருந்தார். அவர் அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது.

"எல்லாம் போயிடும்ல?" என்றார். கீழே விழுந்த பேப்பரை எடுத்து மடித்தபடி, "அன்னிக்கி அந்தத் துண்ட மட்டும் நான் போடாம இருந்திருந்தா நீ ஜெயிச்சிருப்ப," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் ஜெயிச்சேனேப்பா! அப்பவே சொன்னேனே!"

"எனக்காவ சொன்ன. தெரியாதா?"

இத்தனை வருஷமாக அதை அவர் மனசில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் கேமின் கதையாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது அவருக்கு வேறாக இருந்திருக்கிறது. இது புதுசுப்பா, இதில் எதுவும் போகாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆமாம்பா," என்றேன். "அணைச்சா எல்லாம் போயிடும்."

அப்பா சுவர் ஓரமாக நடந்துபோய், நின்றுகொண்டிருந்த ஃபேனை மெல்லத் தள்ளி, காற்று அந்தப் பெட்டியின் மேல் நேராகப் படும்படி திருப்பி வைத்தார். உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியை டிவிக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீ போயி சாப்ட்டு வா," என்றார். "நான் குந்தியிருக்கேன்."